மூக்கில்லாத லட்சுமி

இரண்டு தலைமுறை கண்ட காமாட்சி விளக்கு ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பார்த்தால், பின்தகட்டில் அமர்ந்திருப்பவளுக்கு மூக்கு இருக்காது. கண் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கலாம். சில விளக்குகளில் அதுவும் இருப்பதில்லை. இருபுறமும் துதிக்கை தூக்கி நீர் சொரியும் யானைகள் வெறும் இரண்டு மேடுகளாகியிருக்கும். தாமரை இதழ்கள் மட்டும் அடியில், விரல் எட்டாத இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு கூர்மை மாறாமல் இருக்கும். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு விளக்கு உண்டு. தெரிந்தவர் வீடுகளில் பார்த்த பழைய விளக்குகள் பலவும் இப்படித்தான். தேய்த்தால் தேயும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் சாமி படத்தின் கண்ணாடி விரிசல் விட்டால் அன்றே அதை எடுத்துப் போய் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருகிற வீடு அது. களிமண் பிள்ளையாரின் காதோரம் கொஞ்சம் உதிர்ந்தாலும் பதறுவார்கள். பின்னமான மூர்த்தி வீட்டில் இருக்கக் கூடாது என்பதில் அங்கே மறுபேச்சுக்கு இடமில்லை. அதே வீட்டில் முகமே இல்லாத ஒருத்தி தலைமுறைக் கணக்கில் சாமி மாடத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத்தான் முதல் பூ, முதல் குங்குமம். ஒரு விரல் உடைந்தால் பின்னம். முகம் முழுக்கப் போனால் பின்னமில்லை. இந்தக் கணக்கை யார் போட்டது என்று தெரியவில்லை. யாரும் போடவில்லை என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கு துலக்குவார்கள். வெள்ளிக்கிழமை துலக்கினால் லட்சுமியையும் சேர்த்துக் கழுவி விட்டதாக ஆகிவிடும், ஆகவே முதல் நாளே. ரசத்துக்குக் கரைத்தெடுத்த பின் மிஞ்சிய புளிச் சக்கை, கொஞ்சம் கல்லுப்பு அல்லது சலித்த அடுப்புச் சாம்பல், கையடங்கத் தேங்காய் நார். செங்கல்லை இடித்துப் பொடியாக்கி வைத்திருந்த காலமும் உண்டு. அதற்கு அப்புறம் சபீனா வந்தது, இப்போது பீதாம்பரி. புளி பட்டதும் கறுத்த பித்தளை முதலில் ஒரு மாதிரி இளஞ்சிவப்பாகி, கழுவக் கழுவ மஞ்சளுக்கு வரும். முற்றத்துக் கல்லில் ஓடும் தண்ணீர் பச்சையும் கறுப்புமாக இருக்கும். துலக்கியவளின் விரலிடுக்கில் அந்தப் புளித்த உலோக வாடை ராத்திரி சாப்பாடு வரைக்கும் போகாது. ஓடுகிற கறுப்பை அழுக்கு என்கிறோம். அதில் பாதிதான் அழுக்கு, எண்ணெய்ப் புகையின் கரி. மீதி அவளேதான். செம்பும் துத்தநாகமும் கலந்த உடம்பின் மேற்பரப்பு காற்றோடு சேர்ந்து கறுக்கிறது, புளியின் அமிலம் அந்தக் கறுத்த படலத்தைக் கரைத்துக்கொண்டு போகிறது. அடியில் புது மஞ்சள் தெரிகிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு மெல்லிய தேவி வாய்க்காலில் போகிறாள். புடைத்திருப்பவை முதலில் போகும். மூக்கு, மார்பு, முழங்கால், யானைகளின் நெற்றி. செதுக்கியவன் எதை எடுப்பாகக் காட்ட நினைத்தானோ அதுவே முதல் பலி.

இதை நினைக்கத் தூண்டியது ஒரு அட்டை. புதுமனைப் புகுவிழாவுக்கு யாரோ கொடுத்த பித்தளை லட்சுமி ஒன்று வீட்டுக்கு வந்தது. முழங்கை உயரம், நல்ல கனம், பளபளப்பு மங்காமலிருக்க மேலே ஒரு பூச்சு. பெட்டிக்குள் வழுவழுத்த காகிதத்தில் ஓர் அட்டை, அவளுடைய ஒவ்வோர் அங்கத்துக்கும் பொருள் சொல்லியது. தாமரை: சேற்றிலிருந்து எழும் தூய்மை. நான்கு கைகள்: அறம், பொருள், இன்பம், வீடு. கொட்டும் காசு: குறையாத வளம். காலடியில் ஆந்தை: செல்வத்தின் செருக்கால் வரும் குருட்டுத்தனம் குறித்த எச்சரிக்கை. கடைசியில், உலர்ந்த மென்துணியால் மட்டும் துடைக்கவும், அமிலப் பொருள்களைப் பயன்படுத்த வேண்டாம். அட்டையில் எதுவும் தவறில்லை. ஏதாவது தப்பாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எல்லாம் சரியாக இருந்ததுதான் உறுத்தியது. எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்துவிட்ட ஒரு தெய்வத்தை என்ன செய்வது? அவளை வாசித்துவிட்டேன். வாசித்து முடித்ததை அலமாரியில்தான் வைப்போம். அலமாரியில்தான் இருக்கிறாள்.

குறியீட்டு வாசிப்பே நேற்று முளைத்த வியாபாரத் தந்திரம் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது, ஆனால் அது உண்மையில்லை. ஆடவல்லானின் உடுக்கைக்கும் தீக்கும் தூக்கிய திருவடிக்கும் ஐந்தொழிலைப் பொருத்திக் காட்டுகிறது உண்மை விளக்கம். மனவாசகங் கடந்தார் அதை எழுதியது பதின்மூன்றாம் நூற்றாண்டு. ஆனந்த குமாரசாமி தம் புகழ்பெற்ற நடராஜர் கட்டுரையில் உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் கணிசமான பகுதி இங்கேயே சைவ சித்தாந்த நூல்களில் இருந்ததுதான். தேவிக்கும் இப்படி உண்டு. லலிதா சகஸ்ரநாமம் அவள் ஆயுதங்களுக்குப் பொருள் சொல்கிற இடம் ஆரம்பத்திலேயே வருகிறது. பாசக் கயிறு ஆசை, அங்குசம் கோபம், கரும்பு வில் மனம், ஐந்து மலரம்புகள் புலன்களின் ஐந்து நுண்பொருள்கள். வாரா வாரம் வாய் ஓயாமல் சொல்கிறவர்கள் இதைக் கடந்துதான் போகிறார்கள். கோபத்தைக் கையில் வைத்திருப்பவளை அட்டை எழுதுகிறவர் எவராவது வரவேற்பறையில் வைக்கச் சொல்வாரா? ஆசையையும் கோபத்தையும் அவள் ஒழித்துவிடவில்லை, கருவியாகப் பிடித்திருக்கிறாள். அந்தக் கூர்மைக்கு முன்னால் நிற்கும்போது ஏதோ ஒன்று கலங்குகிறது. அட்டையின் தூய்மையும் வளமும் யாரையும் எதுவும் செய்வதில்லை. ஆக என் பிணக்கு பொருள் சொல்வதோடு இல்லை, பொருள் மழுங்கிப்போனதோடு. முகம் தேய்ந்ததைப் பார்த்து அமைதியாக இருக்க முடிகிறது, பொருள் தேய்ந்ததைப் பார்த்து முடியவில்லை. ஏன் என்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

காமாட்சி விளக்கில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. காஞ்சியில் இருக்கும் காமாட்சிக்குக் கரும்பு வில்லும் மலரம்பும் பாசாங்குசமும் உண்டு. விளக்கில் இருப்பவளுக்கு அவை எதுவும் இல்லை. இரண்டு யானைகள் நீராட்ட, தாமரையில் அமர்ந்திருக்கிறாள். சிற்ப இலக்கணப்படி அவள் கஜலட்சுமி. பார்ஹுத்திலும் சாஞ்சியிலும் பௌத்தத் தூபிகளின் வேலியிலேயே இவள் இருக்கிறாள், கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில். மாமல்லபுரத்து வராகக் குகையில் பல்லவர்கள் இவளைச் சுவரளவு செதுக்கினார்கள். செட்டிநாட்டு வாசல் நிலைகளின் நடுவில் இவள்தான். புதுப்பெண் ஏந்திக்கொண்டு புகுந்த வீட்டுக்குள் நுழையும் விளக்கில் இவள் எப்படிக் காமாட்சியானாள் என்பதற்குப் பல கதைகள் சொல்கிறார்கள், ஒன்றும் எனக்குத் திருப்தி தரவில்லை. ஒருவேளை இப்படி இருக்கலாம்: முகம் தேய்ந்து, கைகள் தேய்ந்து, யானைகளும் மேடுகளாகிப்போன பிறகு அங்கே உட்கார்ந்திருப்பது யாராகவும் இருக்கலாம். சிலர் தங்கள் குலதெய்வத்தையே இதில் நினைத்து ஏற்றுகிறார்கள். ஊர் எல்லையில் கல்லாக இருக்கும் பேச்சியையோ அங்காளியையோ பட்டணத்துக் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்குக் கூட்டி வர இந்த விளக்கைத் தவிர வேறு வழியில்லாதவர்கள். அடையாளங்கள் கூர்மையாக இருந்திருந்தால் இந்த விளக்கு அவளுக்கு இடம் கொடுத்திருக்குமா?

அடையாளங்கள் யாருக்காக என்பதும் ஒரு கேள்விதான். கோயிலில் உற்சவ அம்மனைப் பார்த்தவர்களிடம் அவள் கைகள் எப்படி இருந்தன என்று கேட்டுப் பாருங்கள். பட்டுப் புடவை, தோள் வரை மாலை, பதக்கம், நெற்றிச் சுட்டி. அத்தனைக்கும் நடுவில் உள்ளங்கை அகல முகம், அதிலும் பாதி சந்தனமும் மஞ்சளும். இடை வளைவும் கை முத்திரையும் புருவத்தின் ஓட்டமும் தெரிய வேண்டுமென்றால் அவள் கோயிலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். புதைந்து கிடந்து கிடைத்திருக்க வேண்டும், அல்லது களவு போயிருக்க வேண்டும். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனரும் அருகில் தேவியும் நிற்கிறார்கள். ஈசனின் செப்புத் திருமேனி செய்தது 1011இல், தேவியைச் செய்தது அடுத்த ஆண்டு. சாய்ந்துகொள்ள அவர் கை நீண்டிருக்கிறது, காளை இல்லை. தேவியின் வலது கை விரல்கள் எதையோ பிடிப்பதுபோலக் குவிந்திருக்கின்றன, கையில் எதுவும் இல்லை. கடக முத்திரை என்பார்கள். இந்தக் கை எதையும் குறிக்கவில்லை, ஒரு பூவுக்காகக் காத்திருக்கிறது. காலையில் அர்ச்சகர் செருகும் நீலோத்பலமோ அரளியோ, சாயங்காலம் வாடி எடுக்கப்படும். ஆயிரம் வருஷம் நிற்க வேண்டிய உலோகத்தில், ஒரு பகல் நிற்கும் பொருளுக்காக ஓர் இடைவெளியைச் செய்து வைத்த ஸ்தபதியை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அருங்காட்சியகத்தின் விளக்கொளியில் அந்தக் கை மிக அழகாக இருக்கிறது. பூ இருந்தால் அந்த அழகு தெரியாது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் நேர்மையாகப் பதில் சொல்ல மாட்டேன்.

வாஷிங்டனின் ஃப்ரியர் கலைக்கூடம் 1929இல் வாங்கிய ஒரு செப்புத் திருமேனி உண்டு. மூன்றரை அடி உயரம், ஒடுங்கி நீண்ட உடல், ஓங்கிய கிரீடம். அதைச் செம்பியன் மாதேவி என்கிறார்கள், கண்டராதித்தரின் தேவி, சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கியவர். இல்லை, அது பார்வதியேதான் என்பவர்களும் உண்டு. தீர்த்துச் சொல்ல அந்தச் சிலையில் எதுவும் இல்லை. வெறும் கை ஒன்று பூவுக்காகக் குவிந்திருக்கிறது, மற்றது தொங்குகிறது. தெய்வத்துக்கும் மனுஷிக்கும் நடுவே ஓர் அடையாளக் குறியும் போடாமல் விட்டிருக்கிறார்கள். ஒரு பெயர்ப் பலகை வைத்தே தீர வேண்டிய நம் காலத்துக்குத்தான் அது சிக்கல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளும் இப்படித்தான் ஒரு வகையில் ஏமாற்றம் தருகின்றன. ராஜராஜனும் அக்கன் குந்தவையும் தேவிமாரும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளைப் பற்றி அவற்றில் பக்கம் பக்கமாக இருக்கிறது. கோயிலில் வைத்திருந்த முழத்தால் அளந்து, பாதம் முதல் முடி வரை இத்தனை விரல் உயரம், திருக்கைகள் இத்தனை, கனமாகச் செய்தது, பீடம் இன்ன அளவு, சார்த்திய நகையில் இன்ன வகை முத்து இத்தனை. உமாபரமேஸ்வரியாரின் கை எதைக் குறிக்கிறது என்று ஒரு வரி கிடையாது. கணக்கெழுதியவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அவர்கள் எழுதி வைக்க நினைத்தது வேறு: எத்தனை விரல், எத்தனை கழஞ்சு, யார் கொடுத்தது. அந்தத் திருமேனிகளில் இன்று மிச்சம் இருப்பவை மிகச் சில. கல்லில் அளவு இருக்கிறது, அளக்கப்பட்டவள் இல்லை.

சுவாமிமலையில் இன்றும் அளவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தென்னையின் ஓலையை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாளமும் விரலுமாகப் பகுத்துக்கொள்கிறார்கள். தேவிக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. ஈசனுக்கும் திருமாலுக்கும் உரிய உத்தம தசதாளத்தைவிட நான்கு பங்கு குறைவு. (இந்த நான்கைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம், கோபத்தோடு.) தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல், அவ்வளவு நைசானது, விரல் ரேகைகூடப் பதியும். சூடாக்கினால் மெழுகு வெளியேறும், வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். மண்ணை உடைத்துத்தான் அவளை எடுக்க வேண்டும். அந்த அச்சில் இன்னொருத்தி பிறக்க முடியாது. கடைசியில் அரமும் உளியும். எல்லாம் முடிந்த பிறகும் கண்ணில் கருவிழி இருக்காது. நல்ல நாள் பார்த்து, பொன்னுளி தொட்டு, அதை ஸ்தபதி திறப்பார். அதுவரை அது உலோகம். பித்தளை விளக்கில் இருப்பவளுக்கு இப்படி யாரும் கண் திறக்கவில்லை. மந்திரம் இல்லை, பிரதிஷ்டை இல்லை. பாத்திரக் கடையில் குடத்துக்கும் தாம்பாளத்துக்கும் நடுவில் எடைக்கு வாங்கியது. செம்பு உருகும் சூட்டுக்கு முன்னாலேயே துத்தநாகம் கொதித்துவிடும், அதனால் பித்தளை காய்ச்சுகிற இடத்தில் வெள்ளைப் புகை எழும்பும், இருமல் வரும்; அந்தப் புகைதான் அவள் பிறப்பின்போது கிடைத்த சாம்பிராணி. பஞ்சலோகம் தெய்வம், பித்தளை பாத்திரம் என்பது நம் பக்கத்துச் சாதிப் படிநிலைகளில் இன்னொன்று. இமயத்தின் சம்பா பள்ளத்தாக்கில், பிரம்மௌரில், மேருவர்மன் காலத்து லட்சணா தேவி பித்தளையில்தான் நிற்கிறாள், எருமையின் வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை மிதித்தபடி. பீடத்தில் அரசன் பெயரோடு வார்த்தவன் பெயரும் இருக்கிறது: குக்கன். ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பெயர். நம் செப்புத் திருமேனிகளை வார்த்தவர்களின் பெயர் ஒன்று தெரிந்துகொள்ள நாம் எவ்வளவு தவிக்கிறோம்.

கண் திறக்காத ஒருத்திக்கு முகம் தேய்வதால் என்ன நஷ்டம் என்று ஒரு வாதம் இங்கே வரலாம். அது எனக்குப் போதவில்லை. கண் திறந்தவர்களும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பாலும் தேனும் சந்தனமும் ஊற்றி, துடைத்து, திருவிழாவுக்கு முன் புளிக்காப்பு இட்டு, பல நூற்றாண்டுகள் அன்றாடம் தொடப்பட்ட உற்சவ மூர்த்திகளில் உதட்டுக் கோடு போய்விட்டிருக்கும். அளவுக்கு மீறித் தேய்ந்தால் கவசம் சார்த்துவார்கள். சில இடங்களில் கண்ணையும் புருவத்தையும் திரும்பக் கீறியிருப்பது கவனித்துப் பார்த்தால் தெரியும். வழிபாட்டில் இருந்த திருமேனி எது, சீக்கிரமே மண்ணுக்குள் போனது எது என்பதை முகத்தின் மழுக்கத்தை வைத்தே சொல்லும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. கூர்மையான நாசியோடு கிடைப்பவள் நெடுநாள் யாராலும் தொடப்படாதவள். தஞ்சை மேலவீதியில் பங்காரு காமாட்சி இருக்கிறாள். பொன்னால் ஆன திருமேனி. போர்க் காலத்தில் காஞ்சியை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராக மறைந்து திரிந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சைக்கு வந்து சேர்ந்தவள். சியாமா சாஸ்திரியின் முன்னோர் அவளைக் காத்துக் கொண்டுவந்தவர்கள். அவள் முகத்தில் புனுகு சார்த்தி வைத்திருக்கிறார்கள், கன்னங்கரேலென்று. பொன்னைப் பார்க்கலாம் என்று போனவன் கருமையைப் பார்த்துவிட்டு வந்தேன். அது மறைப்பதற்காகப் பூசியது என்பது ஒரு கதை. மறைக்க வேண்டிய தேவை போன பிறகும் பூச்சு நிற்கவில்லை. பொன் என்றால் இன்னது என்று பொருள் சொல்ல வந்தவர்கள் அந்தச் சந்நிதியில் என்ன சொல்வார்கள்?

இப்படியே போனால் தேய்மானத்தைத் துதி பாடும் இடத்துக்கு வந்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. தொட்டுத் தொட்டு அழிப்பதே பக்தி, கைதான் கண்ணைவிட ஆழமாக அறியும் என்றெல்லாம் எழுதுவது சுலபம், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் யார் கை? நான் ஒரு விளக்கும் துலக்கியதில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் எவரும் துலக்கிப் பார்த்ததில்லை. நாங்கள் ஏற்றிய பிறகு கும்பிடுகிறவர்கள். அந்த மூக்கைத் தேய்த்தவர்கள் பாட்டியும் பெரியம்மாவும் அம்மாவும். இடுப்பு வலியோடும், நாளைக்கு அரைக்க வேண்டிய மாவை நினைத்துக்கொண்டும், யார்மேலோ இருந்த ஆத்திரத்தில் நாரை அழுத்திக்கொண்டும். அந்தக் கறுப்புத் தண்ணீரில் பக்தி எவ்வளவு, அலுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் யார்? இன்னொரு வீடு தெரியும். அங்கே வேலைக்கு வருகிற அம்மா சாமி அறை வாசலைத் தாண்டக் கூடாது, ஆனால் விளக்குகள் கொல்லைக் குழாயடிக்கு வந்து அவரிடம் துலக்கிக்கொண்டு போகும். உள்ளே போகுமுன் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு அலம்பினால் சரியாகிவிடும். அந்த வீட்டு லட்சுமியின் முகத்தை இருபது வருஷமாக மிக நெருக்கத்தில் பார்த்தவர், விரலால் அறிந்தவர், அவளை ஏற்றிப் பார்த்ததேயில்லை. என் புதுமனை லட்சுமியின் கதையும் இதிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. இந்த மாதிரிச் சிலைகள் பெரும்பாலும் முராதாபாத், அலிகர் பக்கத்திலிருந்து வருகின்றன. மண் அச்சில் வார்த்து, இணைப்புக் கோட்டை அரத்தால் ராவி, மெருகேற்றி, பூச்சு அடித்து அனுப்புகிறார்கள். முராதாபாத்தின் பித்தளைத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவள் மூக்கைச் செதுக்கியது நமாஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டு உளியை வைத்த ஒரு கையாக இருக்கலாம். அட்டையில் ஆந்தைக்குக்கூட ஒரு வரி உண்டு. அந்தக் கைக்கு இல்லை.

பழைமைத் தோற்றம் என்று ஒரு வகை இப்போது கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. சந்து பொந்துகளில் கறுப்பேற்றி, எடுப்பான இடங்களை மட்டும் மெருகேற்றி, நெடுங்காலம் துலக்கப்பட்டவள்போலச் செய்கிறார்கள். மேலே அதே பூச்சு, இனிமேல் தேயாதபடிக்கு. தேய்ந்த தோற்றம் வேண்டும், தேய்மானம் வேண்டாம். இதைப் பார்த்தபோது வந்த எரிச்சலை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். பழைய விளக்கின் முகமின்மையைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுகிற நானும் ஒரு விதத்தில் அதே பொருளைத்தானே வாங்குகிறேன், புளியில் கை வைக்காமல்.

வரலட்சுமி நோன்பு கொண்டாடும் வீடுகளில் தனியாக ஒரு முகம் இருக்கும், வெள்ளியிலோ பித்தளையிலோ. உடம்பு கிடையாது. அரிசியோ நீரோ நிரப்பிய கலசத்தின் தேங்காயில் அதைப் பொருத்தி, புடவை கட்டி, பின்னல் வைத்து, வாசலிலிருந்து அழைத்து வருவார்கள். மறுநாள் கலசத்தை வடக்கே நகர்த்தி நோன்பை முடித்து, முகத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிடுவார்கள். அரிசி எடுக்கக் கை விடுகிறபோது விரலில் மூக்கு தட்டுப்படும். பெரியம்மா வீட்டில் இரண்டும் உண்டு: வருஷத்துக்கு ஒரு நாள் வெளியே வருகிற, கூர்மை கெடாத முகம் ஒன்று, தினமும் எரிகிற, முகமில்லாத விளக்கு ஒன்று. அவருக்கு இதில் எந்த முரணும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் போன வருஷம் அவரே, விளக்குக்கு முகம் வைக்க வேண்டும் என்றார். எனக்குத் திக்கென்றது. இத்தனை வருஷத் தேய்மானத்தில்தானே அவருடைய வாழ்க்கை இருக்கிறது, அதைப் போய் மூடுவதா என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “கண்ணு இல்லாம எப்படிடா பார்ப்பா?” என்றார். முகம் போனதை அவர் கவனிக்கவில்லை என்று நான் எழுதி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் ஆட்டம் கண்டது. கவனித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். கவனித்தபடியே தேய்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

கும்பகோணத்தில் விளக்குக் கடைகள் இருக்கும் தெருவுக்குப் பின்னால், ஒரு பத்தரின் பட்டறைக்குப் போனோம். விளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கீறிவிடலாம் என்று முதலில் சொல்லி, தகட்டை நகத்தால் தட்டிப் பார்த்ததும் கையை விரித்தார். “இந்த எடத்துல ரொம்ப மெலிசாயிடுச்சும்மா. உளி வெச்சா அந்தப் பக்கம் வந்துடும்.” வேண்டுமானால் பழசைப் போட்டுவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளலாம், எடைக்கு எடை, சேதாரம் மட்டும் கழியும் என்றார். பெரியம்மா பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் பத்தருக்குப் பழக்கமானதுபோல் இருந்தது, உடனே வேறு யோசனைக்குப் போனார். தனியாக ஒரு முகம் வார்த்து மேலே பற்ற வைக்கலாம். ஈயப் பற்று வேண்டாம், சுடர் பக்கத்திலேயே எரிவதால் சூட்டில் இளகி விழுந்துவிடும், பித்தளைப் பற்றாகத்தான் வைக்க வேண்டும். ஒரு தகர டப்பாவைத் திறந்து கவிழ்த்தார். கட்டைவிரல் நகத்தளவில் முகங்கள், பழைய விளக்குகளுக்கு வைப்பதற்கென்றே வார்த்து வைத்தவை, முப்பதுக்குக் குறையாது. அப்படியானால் இது அடிக்கடி நடக்கிற வேலை. பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன். கார்த்திகைக்கு முந்தைய பருவம், வேலை குவிந்து கிடக்கிறது, தை பிறந்ததும் கொண்டுவாருங்கள் என்று பத்தர் சொல்லிவிட்டார். பெரியம்மா கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்துப் பேசிவிட்டு, விளக்கைப் பழைய துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். பேருந்தில் உட்கார்ந்ததும் எந்த முகத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“எல்லாம் ஒரே மொகந்தான். எது பத்துக்கு நிக்குமோ அதை வெய்யின்னுட்டேன்.”